சுவரில் ஓர் ஆணி

அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் லைமன் கேட்ஸ் எந்தக் கல்லூரியிலும் இரண்டாவது பனிக்காலத்தைப் பார்த்ததில்லை. ஓரிடத்தில் கால் தரிக்காத மனுஷன். இந்த வருஷம் ஐயோவாவில் வில்டன் கல்லூரி. மார்லோ கல்லூரியை ஜெயித்தால் மூன்று வருஷ ஒப்பந்தம் என்று கல்லூரித் தலைவர் சொல்லியிருந்தார்.

மனைவி கோரா இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அவள் அம்மாவின் படம் துணி சுற்றியபடியே கிடந்தது.

"ஜெயிச்சா ஆணி அடிக்கிறேன். இல்லேன்னா பெட்டியிலயே கிடக்கட்டும், அம்மாவுக்கும் பழகிப்போச்சு," என்றாள் காலையில்.

ஆட்டம் தொடங்கியதுமே லைமனுக்குத் தன் தப்பு தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம் பாய்வது என்பதை வில்டன் கேப்டன் ஓர் எண்ணாகக் கத்துவான். கத்தி முடிப்பதற்குள் மார்லோ பையன்கள் அந்தப் பக்கம் போய் அடைத்து நின்றார்கள். நிற்க மாட்டார்களா என்ன, போன வருஷம் அவர்களுக்கு அந்த எண்களைச் சொல்லிக்கொடுத்ததே இவர்தானே. ஊரை மாற்றியவர் எண்களை மாற்ற மறந்துவிட்டார். ஆட்டம் நடக்கும்போது கோச் வாயைத் திறக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து விதி. பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கினார்.

மார்லோ கேப்டன் ஓரின் பீல் எல்லைக்கோட்டருகே விழுந்து எழுந்து சேற்றைத் துப்பினான்.

"என்ன கோச், எங்களை விட்டுட்டுப் போனீங்க, சரி. நம்பரையும் விட்டுட்டே போயிட்டீங்களே." பிறகு குரல் இறங்கியது. "அடுத்த வருஷமும் இருப்பேன்னு சொன்னீங்க."

அது சுருக்கென்று தைத்தது.

இடைவேளையில் தன் பையன்களைக் கூட்டினார். "அதே நம்பரைக் கத்துங்கடா. ஓடுறது மட்டும் எதிர்ப்பக்கம்."

அதற்குப் பிறகு மார்லோ அடைத்து நின்ற பக்கம் யாருமே வரவில்லை. வில்டன் ஜெயித்தது. ஊரே தொண்டை கிழியக் கத்தியது.

"மூணு வருஷம், கேட்ஸ். இருப்பீங்கல்ல?" என்றார் தலைவர்.

ஓரினிடம் சொன்ன அதே வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லைங்க. இந்த வருஷத்தோட சரி."

வீட்டில், சத்தம் கேட்டே வெற்றியைத் தெரிந்துகொண்ட கோரா, படத்தை மாட்டிவிட்டிருந்தாள். கையில் சுத்தியல். அவர் முகத்தைப் பார்த்தாள். படத்தை இறக்கினாள், ஆணியைப் பிடுங்கினாள்.

"சுவத்துல ஓட்டை விழுந்துடுச்சு. வீட்டுக்காரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள்.