புகையாய்ப் போன மன்றாட்டு

ஜெப்ஸி பேனர் செய்கிறாள் என்றால் அவள் ஊர்க்காரர்களுக்கு அது ஃபிளெக்ஸ் போர்டுதான். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரோட்டோரம் கட்டுகிறார்களே, அது. "எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒண்ணு அடிச்சுத் தாளா" என்று கேட்காத ஆள் இல்லை. தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆபீஸில் உட்கார்ந்து, வெப்சைட்டுகளின் நெற்றியில் அசைகிற பேனர்களைச் செய்வதுதான் அவள் வேலை. இறால் கம்பெனிக்குச் செய்ததில் தொட்டால் இறால் துள்ளும். முத்து நகைக்கடைக்குச் செய்ததில் விரல் பட்டால் சிப்பி வாய் திறக்கும். இதையெல்லாம் விளக்கி விளக்கி அலுத்துப்போய், "ஆமா, போர்டுதான்" என்று ஒருநாள் விட்டுவிட்டாள்.

அதனால், வேம்பார் ரோட்டில் இருக்கும் அவளுடைய சொந்த ஊர்க் கமிட்டியே வந்து, மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊர் தன்னைக் கண்டு வாயைப் பிளக்க வேண்டும் என்று மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள். மாதா சிலை இருக்கும் குகை மாதிரியான கெபியில் எரிந்த மெழுகுவர்த்தியைப் படம் பிடித்தாள். கோயில் மணியின் ஓசையைப் பதிவு செய்தாள். திரியைத் தொட்டால் சுடர் பற்றும். விரலை நகர்த்தினால் காற்று பட்டதுபோல் சாயும். கீழே இருக்கும் பெட்டியில் மன்றாட்டை எழுதி அனுப்பினால், எழுத்துகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, புகையாகி, மேலே மாதாவின் பாதத்தில் போய்க் கரையும்.

கமிட்டித் தலைவர் ஜீவமணி அண்ணாச்சி தன் போனில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "ஏளா, நெசமாவே மாதாகிட்டப் போன மாதிரில்லா இருக்கு!"

போன மாதிரிதான் இருந்தது. எழுதியதைச் சேமித்து வைக்கும் வேலையை அவள் இன்னும் செய்திருக்கவில்லை. அது சும்மா மாதிரிக்குக் காட்டுவதற்காகச் செய்தது. அவர்கள் சரி என்றதும் அந்தப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். சரி என்றார்கள், ஏற்றச் சொன்னார்கள், அப்படியே ஏற்றிவிட்டாள். கொடியேற்றத்தன்று பங்குச் சாமியார் பீடத்திலிருந்தே அறிவித்தார்: கப்பலிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அதில் எழுதலாம், ஒன்பது நாள் நவநாள் ஜெபத்தில் கோயில் உபதேசியார் வாசிப்பார். எல்லோரும் திரும்பி ஜெப்ஸியைப் பார்த்தார்கள். அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. சேமிக்கும் பகுதியை நாளைக்கே சேர்த்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் இறால் கம்பெனிக்காரன் இறால் போதுமான அளவு துள்ளவில்லை என்று உயிரை எடுத்தான். அதோடு மறந்தே போனாள். எழுதி வந்ததை ஜெப்ஸி தருவாள் என்று கமிட்டி இருந்தது, கமிட்டி தரும் என்று உபதேசியார் இருந்தார். அவர் பாட்டுக்குக் கோயில் பெட்டியில் விழுந்த சீட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு லீவு போட்டு வந்தவளை நவநாள் முடியப்போகிற சமயத்தில் கோயில் முற்றத்தில் பிடித்து நிறுத்தினாள் பக்கத்து வீட்டு மெட்டில்டா.

"ஏளா ஜெப்ஸி, கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டதெல்லாம் எப்பம் வாசிப்பாவ? தினமும் முன்னால வந்து உக்காருதேன். அவிய பேரு வரலியே."

"ரெமி அண்ணன் எழுதியிருக்காவளா மைனி?"

"எழுதிட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்காவ. கப்பலு இப்பம் நடுக்கடல்ல நிக்கி. அங்கன சிக்னல் கிடையாது. இனிமே கேக்கவும் முடியாது."

மெட்டில்டாவுக்கும் ரெமிஜியுஸுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று ஜெப்ஸிக்குத் தெரியும். வாரம் முழுக்கத் தூத்துக்குடி ஹாஸ்டலில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறவளுக்குத் தெருவில் நடப்பது பாதிதான் காதில் விழும். இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மெட்டில்டாவுக்கு வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை என்பதும், அதற்குப் பிறகு புருஷன் முகம் கொடுக்காமல் கப்பலேறினான் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு சேமிப்பு வேலை விட்டுப்போச்சு மைனி, மன்னிச்சிருங்க என்றால் முடிந்திருக்கும். ஆனால் ஊர் மெச்சிய பிள்ளையாயிற்றே! நாக்கு வேறு பக்கம் புரண்டது. "நாளைக்கு வாசிப்பாவ மைனி."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். என்ன இருக்கும்? ஒன்றும் இல்லை. எத்தனை பேர் எழுதினார்கள் என்றுகூடத் தெரியவில்லை. மாலத்தீவுக்குத் தோணியில் போனவர்கள், கப்பல் என்ஜின் அறையில் வியர்த்துக்கொண்டு கிடப்பவர்கள், எல்லோரும் விரல் வைத்துத் திரியைப் பற்றவைத்து மனசைத் திறந்து எழுதியிருப்பார்கள். அவள் அதை அழகாகப் புகையாக்கி அனுப்பிவிட்டாள். உடம்பெல்லாம் கூசியது.

கூசியவள் அதோடு நின்றாளா? இல்லை. உட்கார்ந்து தானே மன்றாட்டுகளை டைப் செய்தாள். கப்பலில் இருக்கும் மகனுக்கு நல்ல சுகம். வெளிநாடு போக விசா. நடுவில், 'ரெமிஜியுஸ், மெட்டில்டா குடும்பத்துக்குக் குழந்தை வரம் வேண்டி.' பிள்ளை தங்காத வீட்டில் வேறென்ன கேட்பார்கள் என்று நினைத்தாள். அந்த வரியை அடித்தபோது மைனிக்கு நல்லது செய்வதுபோல ஒரு எண்ணம்கூட வந்தது. அதை எடுத்துப்போய், கோயிலுக்குப் பின்னால் உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறையில் உபதேசியார் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மாலை அவர் கணீரென்று வாசித்தார். ரெமிஜியுஸ் பெயர் வந்ததும் மெட்டில்டா நிமிர்ந்தாள். குழந்தை வரம் என்று முடிந்ததும் பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. மெட்டில்டா எழுந்தாள். முக்காடு நழுவியதைக்கூட இழுத்துவிடாமல் வெளியே போய்விட்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஜெப்ஸி நினைத்துக்கொண்டாள், பாவி.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஜெப்ஸி பக்கத்து வீட்டுக்குப் போனாள். மெட்டில்டா ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மைனி போறிய?"

மெட்டில்டா போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். ரெமிஜியுஸின் குரல், பின்னால் என்ஜின் இரைச்சல்.

"மெட்டில்டா, பிள்ளைய நீதான் கொன்னன்னு தெருவுல வச்சுச் சொல்லிட்டேன். உன்ன வேலைக்குப் போகச் சொன்னவனே நான்தான். அதத்தான் மாதாவுக்கு எழுதியிருக்கேன். தெரு முன்னால சொன்னது தப்புன்னு ஊரு முன்னால வாசிக்கட்டும். கேட்டுட்டு, மனசு இருந்தா எங்கூடப் பேசு."

மெட்டில்டா போனைக் கவிழ்த்து வைத்தாள். "இப்படிச் சொன்ன மனுசன் என்ன எழுதியிருக்காவ பாத்தியா? பிள்ளை வரம்! அத்தன பொம்பளையளும் என் வயித்தப் பாத்தாளுவ. தெருவுல சொன்னது பத்தாதுன்னு கோயில்லயும் சொல்லியாச்சு. கப்பலு கரைக்கு வரட்டும், யாரு போன எடுக்கா? நான் எங்க அம்மை வீட்டுக்குப் போறேன்."

அப்போதும் ஜெப்ஸியின் மனசு ஒரு கணக்குப் போட்டது: பேசாமல் இருந்தால் என்ன? கம்ப்யூட்டர் ஏதோ மாற்றிவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாமே. அதை நினைத்ததற்காகத்தான் அவள் பின்னால் அதிகம் வெட்கப்பட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது அண்ணன் எழுதினது இல்ல மைனி. நான் எழுதினது."

மெட்டில்டாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. "அப்பம் அவிய எழுதினது எங்க?"

"இல்ல மைனி. எதையும் சேத்து வைக்கவே இல்ல. எழுத்து புகையாப் போற மாதிரி காட்டினேன்லா. நெசமாவே போயிட்டு."

"மத்தவிய எழுதினது?"

"அதுவும்."

அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. காலில் விழப் போனவளை மெட்டில்டா தோளைப் பிடித்து நிறுத்தினாள். "எங்கிட்ட எதுக்குளா விழுத? என் காதுல மட்டுமா வாசிச்சாவ? நாளைக்கு மைக்குல சொல்லு. சொன்னியன்னா இந்தப் பைய அவுப்பேன்."

மறுநாள் விஷயத்தைச் சொல்லி மைக் கேட்டவளை ஜீவமணி அண்ணாச்சி சக்ரீஸ்து வாசலில் மறித்தார். "கமிட்டி மானம் போயிரும்மா. டெக்னிக்கல் பிரச்சினைன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ போயி உக்காரு." எவ்வளவு இதமான வார்த்தை அது! அதற்குள் போய் ஒளிந்துகொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முன்வரிசையில் மெட்டில்டா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெப்ஸி மைக் முன்னால் போய் நின்றாள். வெப்சைட்டில் எழுதியது எதுவும் யாரிடமும் வரவில்லை என்றாள். தப்பு தன்னுடையது, கமிட்டியுடையது அல்ல என்றாள். நேற்று வாசித்ததெல்லாம் தானே கட்டி எழுதியது என்றாள். பின்னாலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "அப்பம் எம்மவன் தோணியில இருந்து எழுதினது?" என்று கேட்டார். "போயிட்டு தாத்தா" என்றாள். அவர் உட்காரவில்லை. இன்னும் சிலர் எழுந்தார்கள். கொடியேற்றத்தன்று அவளைத் திரும்பிப் பார்த்த அதே முகங்கள்.

"ரெமி அண்ணன் பிள்ளை வரம் கேக்கல" என்று ஆரம்பித்தாள். "மெட்டில்டா மைனி மேல ஒரு தப்பும் இல்ல, தெருவுல வச்சுச் சொன்னது பொய்யி, அதுக்கு மன்னிப்புக் கேட்டுத்தான்…" குரல் உள்ளே இறங்கிவிட்டது. கடைசி வார்த்தைகள் அவளுக்கே கேட்கவில்லை.

முன்வரிசையில் மெட்டில்டா எழுந்து நின்றாள். அவள் கையில் போன் இருந்தது, அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"ஏளா, முதல்ல இருந்து சொல்லு" என்றாள். "சத்தமாச் சொல்லு. கப்பல்ல இருக்க அவியளுக்கும் கேக்கணும்."