பார்லித் தண்ணீர்

டெல்லி ஜனக்புரியில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த பிரியதர்ஷினிக்கு வயிறு மறுபடி கல்லாக இறுகியது. ஏழாம் மாதம்தான் நடக்கிறது. காய்ச்சலில் கூரை மெல்ல உயர்ந்துகொண்டே போயிற்று. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் மெட்ரோ வண்டி ஒன்று தண்டவாளமே இல்லாமல் மிதந்து போனது. பக்கத்தில் கணவன் இளஞ்செழியன் அவளுடைய செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே வைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

போன மாதம் நீர்க்கடுப்பு வந்தபோது உடம்புச் சூடு என்றுதான் நினைத்தாள். திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டில் அதற்கு வேறு காரணம் கிடையாது. டாக்டர் ஸ்ம்ருதி கொடுத்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்து, எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டாள். மறுபடி சோதனைக்குச் சிறுநீர் கேட்டபோது, விடிந்ததிலிருந்து சொம்பு சொம்பாகப் பார்லித் தண்ணீர் குடித்து, குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அன்று இருவரும் நிம்மதியாக மோமோ சாப்பிட்டார்கள்.

இப்போது அவள் இதையெல்லாம் சொல்லக் கேட்ட ஸ்ம்ருதி, டெல்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உங்க பரீட்சை பேப்பரை நீங்களே திருத்திட்டீங்க மேடம். அவ்ளோ தண்ணில கீடாணு, அதான் கிருமி, எப்படித் தெரியும்? உங்க உடம்பு வேற இப்ப கிருமியைத் தடுக்கற காவலைத் தளர்த்தி வெச்சிருக்கு. உள்ள இருக்கற பிள்ளை பாதி இவர் இல்லையா, வெளியாள்னு விரட்டிடக் கூடாதே.”

“அப்ப என்னாலதான் வந்துச்சா டாக்டர்?” என்றான் இளஞ்செழியன், செருப்பைப் பார்த்தபடி.

“அச்சா, அப்படியும் வெச்சுக்கலாம்.” சிரித்தவள், உடனே சிரிப்பை விட்டாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதென்றும், அதுதான் வலியைக் கூட்டிவருகிறதென்றும், இன்று வலி அடங்காவிட்டால் பிள்ளை முன்னாலேயே வந்துவிடலாமென்றும் சொன்னாள்.

பிரியதர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் உடம்பு பிள்ளைக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவள் மாத்திரையை நிறுத்தியதும் பிள்ளைக்காகத்தான்.

“இந்த மருந்து பிள்ளைக்குப் போவுமா?”

“கொஞ்சம் போகும். காய்ச்சல் அதைவிட ஜாஸ்தி போகும்.”

மடக்கி வைத்திருந்த கையை அவள் நீட்டினாள். ஊசி ஏறியது. மருந்து சில்லென்று தோள்வரை வந்தது. செவிலி வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தாள். இதயத்துடிப்பு இரண்டு மூன்று கேட்டு, அறுந்தது. பிள்ளை நகர்ந்துவிட்டது. கருவி தொப்புளைச் சுற்றி மெல்ல ஊர்ந்தது. கருவியின் ஒலிபெட்டிக்குள்ளிருந்து, தொலைவில் யாரோ ஈரப்புடவையை உதறுவதுபோல, துடிப்பு மறுபடி வந்துகொண்டிருந்தது.