மாசிபத்திரிக் கஷாயம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஜெயசீலி அக்காவை இன்று உண்டு இல்லை என்று ஆக்காமல் விடுவதில்லை.

நூம்பலில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் மாசிபத்திரி வளர்ப்பவள் அவள்தான். பூச்சரத்தில் வைத்துக் கட்டும் அதே வாசனை இலை. வாயு கலையும், வயிற்றுப் பூச்சி சாகும் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் கஷாயம் வைத்து எல்லோருக்கும் கொடுப்பாள். என் கணவர் ஜாபஸுக்கு வயிறு உப்புசம். அக்கா கொடுத்த இலையைப் பத்து நாள் காய்ச்சி வெறும் வயிற்றில் குடித்தார். இன்று காலை பல் தேய்க்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். மூன்று வருஷமாக வராத வலிப்பு! நெற்றியில் ஏழு தையல்.

"வலிப்பு இருக்கறவங்க அதைத் தொடவே கூடாதும்மா. கர்ப்பிணிங்களும்தான். பச்சிலைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு யார் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அக்காவின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாலாம் மாடி சௌம்யா டம்ளரும் கையுமாக நின்றாள்.

"யாரைக் கேட்டு அந்தக் கருமத்தைக் குடுத்தீங்க? நீங்க என்ன டாக்டரா? வலிப்பு வந்து மண்டை பொளந்து கிடக்கிறாரு என் புருஷன்!"

"அய்யோ ஏசுவே! அவருக்கு வலிப்பு இருக்குதா?" அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "இலை குடுக்கும்போதே உன் ஊட்டு வாசல்ல நின்னுகினு கேட்டேனே ஆக்னஸ்! வலிப்புக்காரங்க, புள்ளத்தாச்சி யாராச்சும் கீறாங்களான்னு. நீ இன்னா சொன்ன?"

கேட்டாள்தான். வம்புக்கு விசாரிக்கிறாள் என்று நினைத்தேன். அதோடு, நாத்தனார் ரெனிதாவின் கல்யாணம் முடியும் வரை அவர் வலிப்பைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது மாமியார் உத்தரவு. "சேச்சே, எங்க வீட்ல அப்படி யாருமில்லக்கா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"காரணத்தைச் சொல்லிட்டுக் கேட்டிருக்கணும். என் தப்புதாம்மா" என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

அதற்குள் மாமியார் அன்னம்மாள் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டாள். படியெல்லாம் ஆட்கள். "வலிப்பெல்லாம் ஒண்ணுமில்ல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான். இவ பதட்டத்துல உளர்றா."

"உளறல அத்தை!" என் தொண்டை கிழிந்தது. "அவருக்குப் பத்து வயசுலேர்ந்து வலிப்பு. இதுக்குப் பயந்து ஓடற மாப்பிள்ளை இப்பவே ஓடட்டும். மறைச்சு மறைச்சு அவரைக் கொல்லப் பாத்தோமே!"

படியில் நின்றவர்கள் எல்லோரும் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சௌம்யா மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... எனக்கு ரெண்டு மாசம். மூணு முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க அம்மா. அதான் நீங்க கேட்டப்ப..."

பாய்ந்து டம்ளரைப் பிடுங்கினேன். அதில் பாதிதான் மிச்சம் இருந்தது.