சீமாட்டிக்குப் போட்ட ஊசி

மரக்காணம் பூமீஸ்வரர் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்த கதை இது. ஓர் எழுத்துகூடப் புளுகு கிடையாது.

போன பங்குனியில், ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் கௌதமன் உப்பளத்துக்கு வந்து, பாஞ்சாலை ஓட்டும் மூட்டைக் கழுதை சீமாட்டிக்கு மரபணு ஊசி போட்டார். புத்தி கூடிவிட்டால் ஓட்டுவதற்கு ஆள் தேவைப்படாது என்று முதலாளி கலியமூர்த்தி சம்மதித்திருந்தார். பாஞ்சாலையை யாரும் கேட்கவில்லை. கழுதையையும் கேட்கவில்லை.

ஒரே வாரத்தில் புத்தி கூடியது. மூன்று மூட்டைக்கு மேல் ஏற்றினால் நாலாவதைச் சீமாட்டி உதறித் தள்ளியது. வெயில் ஏறியதும் ஆட்களைக் கரையேறச் சொல்லிக் கத்தியது, ஆட்களும் ஏறினார்கள். முதலாளி வந்தால் எழுந்திருப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக அதனிடம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்த பாஞ்சாலைக்கு, இப்போதுதான் கேட்டுத் தலையாட்ட ஓர் ஆள் கிடைத்திருந்தது.

கலியமூர்த்தி போன் போட்டார். கூட்டிய புத்தியை இறக்க, ஐஸ் பெட்டியில் மாற்று ஊசியோடு டாக்டர் வந்து இறங்கினார். பாஞ்சாலை குறுக்கே நின்றாள்.

"போடறப்பதான் அதக் கேக்கல. எடுக்கறப்பவாவது கேளுங்க சார்."

"கழுதைகிட்ட என்னம்மா கேக்கறது?"

"மூளையக் குடுத்தீங்க இல்ல? அப்ப அதுக்கும் ஒரு பதில் இருக்கும்."

அதற்குள் சீமாட்டி நடந்துவிட்டது. ஓடவில்லை, நடந்தது. ஓரடி அகல வரப்பில் பாத்திகளின் நட்டநடுவே போய், பின்னங்கால்களை டாக்டர் பக்கம் வைத்து நின்றது. இரண்டு பக்கமும் உப்பு பூத்த பாத்தி. அதில் ஒரு கால் பட்டால் சேறு கலங்கி அத்தனையும் பாழ். உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்த இது டாக்டருக்குத் தெரியாது. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கப் போனவரைக் கலியமூர்த்தியே சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தில கால வெக்காதீங்க சார். வரப்பு வழியா போங்க."

டாக்டர் பின்னங்கால்களைப் பார்த்தார். போகவில்லை.

உப்பை வாரி எடுத்துவிட்டால் சுற்றி வளைக்கலாமென்று முதலாளி ஆட்களை ஏவினார். பாஞ்சாலை வாருபலகையைக் கீழே போட்டாள்.

"நான் வாரமாட்டேன். ஊசி போடாமலே எனக்கும் புத்தி வந்துடுச்சி."

மற்ற ஆட்களின் பத்துப் பலகைகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. மத்தியானத்துக்குள் ஐஸ் உருகி ஊசி மருந்து கெட்டது. ஜீப் திரும்பிப் போனபிறகு பாஞ்சாலை வரப்பில் நடந்தாள். சீமாட்டி அவளுக்கு முகத்தைத் திருப்பிக் காட்டியது.

சத்தியம் செய்தபோது சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்தப் பங்குனி முழுக்க மழை. மரக்காணத்தில் ஒரு பாத்தியிலும் உப்பு பூக்கவில்லை.