தொண்ணூறிலிருந்து காய்ச்சல்

கபுறுக் குழியிலிருந்து எழும்பி வந்த நோயாளியைப் பார்த்து டொக்டரானவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் என் மருமகள் ஃபஹ்மியா. லண்டனிலும் அமெரிக்காவிலும் தேடிப் பாருங்கள். இன்னொருத்தி அகப்பட்டால் என் தாடியை வழித்துப் புத்தளம் களப்புத் தண்ணீரில் விட்டுவிடுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். ஊரார் கூண்டில் ஏறிச் சொன்ன பொய்களை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சிங்களத்தில் சொல்லியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற அன்றுதான் என் வாய்க்கு விடுதலை கிடைத்தது. அதனால் எங்கள் ஊர் தில்லையடியில் நான் சொல்வதைப் பாதியாக்கித்தான் கேட்பார்கள். மச்சான் ஹமீட் அந்தப் பாதியையும் கழித்துவிடுவார்.

ஹமீட் என் தங்கச்சி லெய்லாவின் மாப்பிள்ளை. மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கக்காரர் வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில் ஊரோடு துரத்தப்பட்டு, வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து, முகாமில் கிடந்து, பிறகு எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர். பிறந்த ஒரே மகள் ஃபஹ்மியாவை டொக்டருக்குப் படிக்க பெலாரஸுக்கு அனுப்பினார். அங்கே விடுதி வாசலில் ஒரு காலையில் விழும் பனிக்கு, புத்தளத்து உப்பளம் அத்தனையையும் வாரிக் குவித்தாலும் ஈடாகாது. அந்தப் பனிக்குள் இருந்து பட்டத்தோடு வந்தாள் பிள்ளை.

ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு பரீட்சையில் தேறினால்தான் மருத்துவச் சபையில் பதிவு கிடைக்கும். பதிவு இல்லாமல் ஒரு பனடோல்கூட எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுத்துப் பகுதியில் முதல் தரமே தேறிவிட்டாள். நோயாளியை நேரில் பார்க்கும் பகுதியில்தான் இரண்டு தரம் விழுந்தாள். கேள்விகளை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். நோயாளி வரிசை மாறிக் கதைத்தால் இடையில் வெட்டிவிடுவாள். "அந்த மனுசி சொல்ல வந்ததை நீங்கள் கேட்கவே இல்லை" என்று பரீட்சகர் சொன்னாராம்.

"இதுதான் கடைசித் தரம்" என்றார் ஹமீட். "விழுந்தா கட்டாருக்குப் போய் பாமசியில நிக்கட்டும். டொக்டர் கதைய விட்டுடணும்."

அசர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டு முன்னறையில் பயிற்சி தொடங்கியது. நான்தான் முதல் நோயாளி. நெஞ்சு வலி என்று ஆரம்பித்து வலிப்பு, மஞ்சள் காமாலை, பிரசவ வேதனை வரைக்கும் நடித்துக் காட்டினேன்.

"மாமா, இவ்வளவு வருத்தமும் உள்ள ஆள் போன கிழமையே மௌத்தாகியிருக்கணும்" என்று என்னை எழுப்பிவிட்டு அயலவரைக் கூப்பிட்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியேறியவர்கள், இல்லாவிட்டால் அவர்களின் பிள்ளைகள். அவர்களிடம் "எப்ப இருந்து?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அபூசாலிக்கு முதல்நாள் மீன் முள் குத்தி விரல் வீங்கியிருந்தது.

"எப்ப இருந்து?"

"தொண்ணூறில இருந்து மகள். ஊர்ல இரிக்கக்குள்ள எனக்கு முள்ளே குத்தாது."

றஹ்மாவுக்கு இடுப்பு வலி. அதுவும் தொண்ணூறிலிருந்துதான். அவள் பிறந்ததே புத்தளத்து முகாமில், அதற்குப் பிறகு. ஃபஹ்மியா தலையில் கையை வைத்துக்கொள்வாள். "நேற்றா, முந்தாநாளா, அத மட்டும் சொல்லுங்க" என்று வெட்டுவாள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள்.

அந்தப் பெண் வந்தது சோளகக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு பின்னேரம். நான் மூலைக் கதிரையில் இருந்தேன். இங்கிருந்து நான் ஒன்றும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமும் இல்லை.

ஃபஹ்மியாவின் வயதுதான் இருக்கும். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊரில் மழை பெய்து மாதக்கணக்காயிற்று. கையில் துவாயால் சுற்றிய குழந்தை. அவள் உட்கார்ந்ததும் அறை முழுக்கக் கடல் வாடை. வெளியே காற்று நின்றதா, என் காது அடைத்ததா தெரியாது. சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"பிள்ளைக்கு என்ன ராத்தா?"

"காய்ச்சல்."

"எப்ப இருந்து?"

"தொண்ணூறில இருந்து."

ஃபஹ்மியா பெருமூச்சு விட்டாள். "பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாப்பது நாள் கழியல்ல. இன்னும் முடி இறக்கல்ல."

பேனை ஃபஹ்மியாவின் கையிலிருந்து விழுந்தது. அடுத்த கேள்வி வரவில்லை. பயத்தில் வாயடைத்துப் போனாள் என்று நான் சொல்வேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். எதுவாக இருந்தாலும், வாழ்க்கையில் முதல் தரமாக அவள் ஒரு நோயாளியை வெட்டவில்லை.

அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னதற்கு முதல் இரவே பிள்ளையின் மேல் சுட்டது. பால் இழுக்கவில்லை. அழுகை பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெல்லிசாக வந்தது. வள்ளத்தில் உடம்பு வில்லாகப் பின்னுக்கு வளைந்தது. உச்சிக்குழி புடைத்துக்கொண்டு நின்றது. பிறகு சத்தமில்லை. பிள்ளை தூங்குது என்றார்கள். கரை தெரியும் வரைக்கும் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வள்ளத்தில தண்ணி முடிஞ்சி போச்சி. எனக்குப் பால் வத்திட்டு. அதாலயா?"

ஃபஹ்மியா எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். "பிள்ளையப் பாக்கட்டுமா ராத்தா?" என்று கேட்டாள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, துவாயை விலக்கி வைத்துக் கேட்டாள். தேவைக்கு மேல் நீண்ட நேரம் கேட்டாள். பிறகு துவாயை மூடிவிட்டாள்.

"பாலால இல்ல. மூளையச் சுத்தி ஒரு சவ்வு இரிக்கு, அதில கிருமி பிடிச்சிருக்கு. நீங்க வள்ளத்தில ஏற முந்தியே தொடங்கிட்டு. ஆஸ்பத்திரியில வச்சு ஊசி போட்டிருக்கணும். உங்கட கையில ஒண்டும் இருக்கல்ல."

"டொக்டர் சொன்னாச் சரி" என்றாள் அந்தப் பெண்.

பதிவு வரும்வரை அப்படி அழைக்கக் கூடாது என்று எங்கள் எல்லாரையும் திட்டுகிறவள், அன்று திருத்தவில்லை. அந்தப் பெண் எழுந்து போனாள். நான் பின்னால் ஓடிப் பார்த்தேன். ஈரம் வாசற்படி வரைக்கும்தான் இருந்தது. அதற்கு அப்பால் காய்ந்த மணல்.

இப்படியொன்றைக் கண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? மஃரிப் தொழுகைக்கு முன்னரே தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டேன். அங்கே கொஞ்சம் கூடிவிட்டது என்பது உண்மை. கூரை உயரம் இருந்தாள் என்றேன். கால் நிலத்தில் படவில்லை, மிதந்து போனாள் என்றேன்.

அடுத்த நாள் ஹமீட் வந்து நின்றார்.

"மச்சான், பேய்க்கு மருந்து குடுத்தவ எண்டு ஊரே என்ட பிள்ளையப் பார்த்துச் சிரிக்குது. இனிப் பரீட்சையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கட்டாருக்குப் பேசிட்டன்."

என் நாக்கால் அவளுடைய பதிவு போகப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. நான் வாய் திறக்க முதல் ஃபஹ்மியா வந்தாள்.

"மருந்து குடுக்கல்ல வாப்பா. பதிவில்லாம எழுதுவனா? மாமா கூட்டிச் சொல்லியிருப்பாரு. நடந்தத நான் சொல்லுறன்."

"எனக்குக் கேக்கத் தேவல்ல."

"இடையில வெட்டினா பெயில் ஆக்கிடுவாங்க வாப்பா. அனுபவத்தில சொல்லுறன்."

ஹமீட் கதிரையில் உட்கார்ந்தார். அவள் ஒரு வைத்தியருக்கு இன்னொரு வைத்தியர் சொல்வது போல நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

"அவட நடை எப்பிடி?" என்றார் ஹமீட்.

"இடது கால் நொண்டினா. கணுக்கால் நல்லா வீங்கியிருந்திச்சி. அதையும் பாக்கணும் எண்டு நினைச்சன், அதுக்குள்ள போயிட்டா."

எனக்கும் அது தெரியும். நொண்டுகிற பேயை யார் நம்புவார்கள் என்றுதான் கடையில் மிதக்க விட்டேன்.

"ஏறக்குள்ள கல்லுக்கும் வள்ளத்துக்கும் நடுவில கால் மாட்டிச்சி" என்றார் ஹமீட். "நான்தான் இழுத்து எடுத்தன். ஸுலைஹா எண்டு பேர். பிள்ளைய கல்பிட்டிக் கரையில நாங்க நாலு பேர் அடக்கினம். அவ அந்த மாரி மழைக்குள்ள முகாமில மௌத்து. என்ட பாலாலதான், என்ட பாலாலதான் எண்டு சாகும் வரைக்கும் சொன்னா. இல்லெண்டு சொல்ல எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல்ல."

உள்ளே, எங்களுக்குச் சமைக்க வந்திருந்த லெய்லா அடுப்பில் வைத்த எதுவோ கருகும் மணம் வந்தது. யாரும் எழும்பவில்லை.

"பாலால இல்லையா மகள்?"

"இல்ல வாப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கட்டாருக்கு ஆள் அனுப்புகிறவனைக் கூப்பிட்டு, "வேணாம் தம்பி, பிள்ளைக்குப் பரீட்சை இரிக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தார். அன்றைக்கே கொழும்புக்கு எந்த பஸ், எங்கே தங்குவது என்று மகளிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நம்புறீங்களா மச்சான்?"

"உங்கள நம்பல்ல" என்றார் ஹமீட். "அவ வந்திரிக்கிறா. அது மெய்."