எதிர்ப்பக்கத்து ஷோரூம்

வரிசையாக நின்ற புது வண்டிகளின் முன்கண்ணாடிகளில் இரவு முழுக்கப் படிந்திருந்த உறைபனியைக் கிளெனிஸ் ஒரு பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையுறை போட்டும் விரல் நுனிகள் மரத்துப்போயின. இந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் விற்பனைக்கு நிற்கிற வண்டி, வாங்க வருகிறவனைக் கண் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. அதுவும் ஜூன் மாதம், பூமியின் இந்தத் தெற்குப் பக்கத்தில் நடுக்குளிர்காலம். ஜூன் முடிந்தால் வரிக் கணக்கு வருடமும் முடிந்தது. வரியாகப் போகிற காசை வண்டியாக மாற்றிவிட வேண்டும் என்று மெரிண்டால் சுற்றுவட்டாரத்துக் கோதுமை விவசாயிகள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். வருடம் முழுக்க ஈ ஓட்டியவனுக்குக்கூட ஜூனில் பேச நேரம் இருக்காது. வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளில் கட்டியிருந்த பலூன்கள் குளிரில் சுருங்கித் தொங்கின.

சுரண்டிக்கொண்டே அவள் நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே இருப்பது அவளுடைய அண்ணன் நெவிலின் ஷோரூம். மூடுபனிக்குள்ளிருந்து நெவில் நடந்து வந்தான். தடித்த கோட்டு, தலையில் குல்லாய், வேலி ஓரமாகவே மெதுநடை. ஒரு மாதமாக இப்படித்தான் வருகிறான்.

"உடம்பு இளைக்க நடக்குறார் போல, பெரிய மனுஷர்" என்றாள், காபிக் கோப்பையோடு வந்த இலாரியோவிடம். இலாரியோ அவளிடம் விற்பனை பார்ப்பவன். திராட்சைத் தோட்டக் குடும்பத்து இத்தாலியப் பையன். வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

"புதுசா யாரையோ பாக்குறாராம் பாஸ். பேக்கரியில அதான் பேச்சு."

"யாரு அந்தப் பாவம்?"

"அது தெரியல. ஆனா அறுபத்திரண்டு வயசுல ஒருத்தர் குளிருல நடக்கணும்னா வேற என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்க?"

கிளெனிஸ் சிரித்துவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனாள்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு எட்டு வருடம் ஆகிறது. அப்பா சாவதற்கு முன்பு ஷோரூமை நெவிலுக்கு எழுதிவைத்தார். யூட் என்பது பின்னால் தொட்டி வைத்த வண்டி. வைக்கோல், நாய், உரமூட்டை எல்லாம் ஏறும். அதை வாங்குவது ஆம்பளை, அவன் பொம்பளையிடம் வந்து வாங்கமாட்டான் என்பது அப்பாவின் வாதம். இருபது வருடம் அதே ஷோரூமில் யூட் விற்றுக்கொண்டிருந்த கிளெனிஸ், சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். நெவில் ஆட்டுக்கறியை அறுத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. காரியங்கள் முடிந்ததும் அவள் நெடுஞ்சாலையைக் கடந்து, காலியாகக் கிடந்த டிராக்டர் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, அண்ணன் விற்கிற கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனியின் வண்டியை எடுத்து, வாசலில் 'ஜி. டிரான்டர்' என்று பெரிதாகப் போர்டு வைத்தாள்.

அந்த இரண்டு கம்பெனி யூட்களுக்கும்தான் நாடு முழுக்க மாதாமாதம் முதலிடத்துக்கு அடிதடி. மாதம் பிறந்தால் எது எத்தனை விற்றது என்று வானொலியில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்வார்கள். மெரிண்டாலில் யாரும் அந்தத் தேசியக் கணக்கைச் சட்டை பண்ணுவதில்லை. இங்கே கேள்வி ஒன்றுதான்: அண்ணனா, தங்கையா? ஜெயித்தவர் பேக்கரியிலிருந்து ஒரு தட்டு வெனிலா ஸ்லைஸ் வாங்கி எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார். சீட்டு கிடையாது, சொல் கிடையாது. மஞ்சள் கிரீம் மட்டும்.

பேச்சு இல்லாமல் போனாலும் மாதாமாத விற்பனை எண் வழியாக அவளுக்கு அண்ணனைப் பற்றி எல்லாம் தெரிந்தது. அவன் மனைவி குவீன்ஸ்லாந்துக்குக் கிளம்பிப்போன மாதம் அவன் விற்பனை பாதியாக இறங்கியது. ஊருக்குத் தெரியும் முன்பே கிளெனிஸ் ஊகித்துவிட்டாள். அவள் இடுப்பு ஆபரேஷனுக்குப் படுத்த மாதம் நெவில்தான் ஜெயித்தான். அந்த மாதம் மட்டும் தட்டு வரவில்லை. அது என்ன அர்த்தம் என்று மருத்துவமனைக் கட்டிலில் ரொம்ப நேரம் யோசித்தாள். எத்தனையோ மாதங்கள் அவள் ஜெயித்திருக்கிறாள். ஜூனில் மட்டும் ஒருதரம்கூட இல்லை. இந்த ஜூனில் நெவில் தடுமாறுகிறான் என்பது மாதம் பாதி தாண்டும்போதே தெரிந்தது. அவளுக்கு அது இனித்தது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

அன்று மதியம் கிளைவ் ஹாட்ரில் வந்தார். வாசலில் ஷூவைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, திருட வந்தவர் மாதிரி எட்டிப் பார்த்தார். கிளைவின் வீட்டுக்கும் டிரான்டர் குடும்பத்துக்கும் மூன்று தலைமுறைப் பழக்கம். நெவிலும் அவரும் பள்ளிக்கூடக் கூட்டாளிகள். நெவிலிடம் தவிர ஒரு சைக்கிள்கூட வாங்காதவர்.

"வழி தவறிட்டீங்களா கிளைவ்?"

"நக்கல் வேணாம்மா. நாலு யூட் வேணும். எனக்கு ஒண்ணு, பசங்களுக்கு ரெண்டு, வேலையாளுக்கு ஒண்ணு. இருக்கா, இல்லையா?"

இலாரியோ கையிலிருந்த பேனாவை நழுவவிட்டான். நாலு. அவள் ஜூன் அப்போதே கைக்கு வந்துவிட்டது.

"இருக்கு. ஆனா ஏன் இங்க?"

கிளைவ் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கோபத்தைவிட அவமானம்தான் அந்த முகத்தில் அதிகம் தெரிந்தது. "நேத்து அவன் கடைக்குப் போனேன். வாசல்ல நிக்கிறான். கையத் தூக்கினேன். என்னையத் தாண்டிப் பாத்துட்டு நிக்கிறான், ரோட்டுல போற எவனோ மாதிரி. சரி, எதோ யோசனைன்னு கிட்டப் போனா, மூஞ்சியத் திருப்பிக்கிறான். எங்கிட்ட நாத்தம் அடிக்கிற மாதிரி! 'சொல்லுங்க சார், என்ன வேணும்'ங்கிறான். சார்! அம்பது வருஷம் ஆச்சு அவனோட பழகி. ஒரு வார்த்தை பேசல, திரும்பி வந்துட்டேன்."

"மூஞ்சியத் திருப்பினாரா? எப்படி?"

"எப்படின்னா? இப்படித்தான்." கிளைவ் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தோளுக்கு மேலே எங்கோ பார்த்தார்.

கிளெனிஸ் அந்தச் சாய்வை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அம்மா கடைசி வருடங்களில் அப்படித்தான் பார்ப்பாள். கண்ணின் நடுப்பகுதி கெட்டு, பார்க்கிற இடம் மறைந்து, பார்க்காத இடம் மட்டும் தெரிகிற நோய். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வம்சத்தில் வரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கிளெனிஸ் குளியலறைச் சுவர் ஓடுகளின் கோடுகளை ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பல் தேய்க்கிறாள். கோடு வளையாமல் நேராகத் தெரிந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

நடந்து வருகிற அண்ணன். வேலியை ஒட்டியே நடை.

"கிளைவ், வண்டி உங்களுக்குத்தான். கையெழுத்து மட்டும் நாளைக்குப் போடுங்க" என்றாள்.

"ஏன்? ஜூன் மாசத்துல நாளைக்கு வான்னு சொல்ற வியாபாரிய நான் பாத்ததே இல்ல."

"நானும் பாத்ததில்ல. நாளைக்கு வாங்க."

அவர் போனதும் இலாரியோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "பாஸ்! நாலு வண்டி! மனுஷன் மனசு மாறிட்டா?"

"கடையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் நெடுஞ்சாலையைக் கடந்தாள். கோதுமை லாரி ஒன்று அவளை உரசுகிற மாதிரிப் போனது. எட்டு வருடத்தில் அவள் அந்தப் பக்கம் போவது இதுதான் முதல்தரம்.

நெவில் தன் அறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எதிரில் அச்சிட்ட விலைப்பட்டியல் கிடந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. அவள் வாசலில் பேசாமல் நின்றாள்.

"உள்ள வா குள்ளி" என்றான் அவன், நிமிராமலே. "உன் பூட்ஸ் சத்தம் அப்பாவோட சத்தம். பாதி தூரத்துலயே தெரிஞ்சுபோச்சு."

குள்ளி. அந்தப் பெயரை அவள் கேட்டு எவ்வளவு காலம்! உட்கார்ந்தாள். அவன் மெதுவாக முகத்தைத் திருப்பி, அவள் தோளுக்கு அப்பால் ஜன்னலைப் பார்த்தான். அவளைத்தான் பார்த்தான்.

"என்ன தெரியுது?" என்றாள்.

"உன் காது. ரெண்டு கம்மல். மூக்கு இருக்குதான்னு சொல்ல முடியல. இருக்கா?"

"இருக்கு. எப்பலேருந்து?"

"ஒரு கண்ணு போன வருஷமே. இன்னொண்ணு ஈஸ்டருக்கு அப்புறம். லைசென்ஸ நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்." சிரிக்கப் பார்த்தான். "வண்டி ஓட்ட முடியாதவன் வண்டி விக்கிறான். கிளப்புல தெரிஞ்சா பத்து வருஷத்துக்கு வச்சு ஓட்டுவானுங்க."

"டாக்டர்?"

"ஆல்பரியில. மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி போட்டா மிச்சத்தக் காப்பாத்தலாமாம். முதல் ஊசிக்கு பஸ்ல போனேன். அடுத்ததுக்குப் போகல."

"ஏன் போகல?"

"பஸ் நம்பர் தெரியலடி" என்றான்.

அவள் விலைப்பட்டியலை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு கிளைவ் வந்ததைச் சொன்னாள். நெவில் எழுந்தேவிட்டான்.

"நேத்து வந்தது கிளைவா? பேசவே இல்லையே! எவனோ புது ஆளுன்னு நெனச்சேன். அய்யோ, மூஞ்சியத் திருப்பினேனா?"

"நாத்தம் அடிச்ச மாதிரித் திருப்பினியாம்."

"கடவுளே."

"இப்பவே போன் போடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

நெவில் போனைக் கண்ணருகே கொண்டுபோய், விலக்கி, கடைசியில் அவளிடமே நீட்டினான். அவள் எண்ணைப் போட்டு மேசைமேல் வைத்தாள். கிளைவ் எடுத்தார். "டேய் கிளைவ், நான்தான்" என்று ஆரம்பித்தவன், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்: கண் போய்விட்டது, நேற்று நின்றது நீ என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

"அப்ப உன்னைய வீட்டுக்கு யாருடா கூட்டிட்டுப் போறா?" என்றார் கிளைவ்.

நெவில் கையை மேசைமேல் அகல விரித்து வைத்துக்கொண்டான்.

"நான் நாளைக்கு அங்கயே வரேன். வண்டிய உங்கிட்டயே..."

"வராத" என்றான் நெவில் சட்டென்று. "அவகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்க. அங்கயே போய்க் கையெழுத்துப் போடு. இல்லன்னா சாகுற வரைக்கும் ஜூனத் தானமாக் குடுத்தேன்னு சொல்லிக் காட்டுவா. உனக்கு இவளத் தெரியாது."

"பக்கத்துலதான் இருக்கேன்" என்றாள் கிளெனிஸ்.

"தெரியும். காது தெரியுதே."

மறுநாள் கிளைவ் அவளிடம் நாலு வண்டிக்கும் கையெழுத்துப் போட்டார். விஷயம் அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவியது. நெவில் பயந்த மாதிரி கிளப்பில் கிண்டல் செய்தார்கள்தான். கூடவே அன்று யார் அவனை வீட்டில் விடுவது என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள். மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதும் நெவில் பழைய ஆள் ஆகிவிட்டான். வாங்க வருகிறவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, "எனக்கு ரோடு தெரியாது, நீதான் சொல்லணும், வண்டி எப்படி இருக்கு?" என்பான். ஓட்டுகிறவன் வண்டியைப் புகழ்ந்து புகழ்ந்து தனக்குத் தானே விற்றுக்கொள்வான். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் நின்று கிளெனிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வாரத்தில் அவள் தூங்கவில்லை. இலாரியோ தன் சொந்த மாமாவை இழுத்து வந்து ஒரு வண்டி விற்றான்.

ஜூலை பிறந்த காலை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, எதிர்ப்பக்கச் சாலையோரத்தில் நெவில் ஒரு வெனிலா ஸ்லைஸ் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு காலை எடுத்து வைத்தான், பின்வாங்கினான். கிளெனிஸ் கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். கையைக் காட்டி ஒரு பால் வண்டியை நிறுத்தி, அண்ணன் முழங்கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து வந்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? ஆள்கிட்டக் குடுத்து அனுப்ப வேண்டியதுதானே!"

"ஒத்த வண்டி வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கேன் குள்ளி. ஒண்ணே ஒண்ணு. இத எப்படி ஆள்கிட்டக் குடுத்து அனுப்புறது?"

"கண்ணக் காட்டி வித்துட்ட."

"காட்டினேன். என் கண்ணுதான?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் துடைக்காமல் விட்டாள். "அழுறியா?" என்றான் அவன். "கன்னத்து ஓரம் பளபளங்குது."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆல்பரிக்கு அவளே ஓட்டினாள், தன் கடை வண்டியில். நெவில் ஏறி உட்கார்ந்ததும் கதவை இரண்டுதரம் திறந்து சாத்திப் பார்த்தான். இருக்கையைத் தட்டினான். முன்பலகையை விரலால் தடவினான். "தகரம்" என்றான். "இறங்கி நட" என்றாள். இருபக்கமும் முளைத்துக் கொஞ்ச நாளே ஆன கோதுமை. மூடுபனி கலைந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி வலிக்குமா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒருதரம் மட்டும், "நீ உன் கண்ண டாக்டர்கிட்டக் காட்டினியா?" என்றான். "இன்னைக்குக் காட்டலாம்னு இருக்கேன்" என்றாள். அவன் தலையாட்டினான்.

ரயில் பாதைக்குப் பக்கத்துத் தானியக் கிடங்கின் அருகே லாரியிலிருந்து சிந்திய கோதுமை சாலை முழுக்கக் கிடந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கில் காலா என்கிற சாம்பல் நிறக் கிளிகள் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தன. கிளெனிஸ் வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து, கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டாள். கடைசி நொடியில்தான் அவை எழுந்தன. வண்டியின் இருபுறமும் இறக்கைகள் படபடத்து, வயிற்றின் ரோஜா நிறம் வெயிலில் விரிந்தது. நெவில் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அங்கே அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் கை மட்டும் மெல்ல எழுந்து, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், பறவைகள் போன திசையைச் சரியாகக் காட்டியது.

"மெதுவாப் போ" என்றான்.

அவள் காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை.