ஒட்டு வைத்த சட்டை

பக்கவாதம் வந்த நான்கு மாதத்தில் பஸ் டிரைவருக்குக் காலும் பேச்சும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, வைத்த இடத்திலேயே கிடந்தது. "நியூட்ரல்லயே நிக்குதுடி" என்று சிரிப்பார். தையல்காரியான மனைவியும் சிரித்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இன்று பயிற்சிக் கூடத்தில் சோதனை. விரல்களில் முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் மூன்று மாதம் பயிற்சி. இல்லையென்றால் அவர் இடம் காத்திருக்கும் வேறொருவருக்கு.

பயிற்சி கொடுக்கும் பெண் அவருடைய நல்ல கை உதவிக்கு வராதபடி, இடது கைக்குத் தடித்த உறை ஒன்றை மாட்டினாள். "வீட்டுல தினமும் செய்றதுதானே சார்? சட்டைப் பட்டனைக் கழட்டிட்டுத் திரும்பப் போடுங்க."

கூட வந்திருந்த தையல்காரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

விரல்கள் மார்பின்மேல் தடுமாறி ஊர்ந்தன. கட்டைவிரல் பட்டனை விட்டுச் சறுக்கி, துணியோரத்தில் மாட்டி இழுத்தது. பர்ரென்று சட்டை மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. பட்டன்கள் ஐந்தும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்தப் பெண் சட்டையோரத்தைப் புரட்டினாள். உள்ளே, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை. பட்டன் நுழையும் காஜாக்களெல்லாம் தைத்து மூடப்பட்டிருந்தன.

"யார் வேலை இது?"

"நாந்தாம்மா. தினமும் அரை மணி நேரம் திணறுவாரு, கண்ணு கலங்கிடும். பார்க்க முடியல. வெளியில தெரியக் கூடாதுன்னு பட்டனை மேலாப்புல தைச்சேன்."

"எத்தனை சட்டை?"

"எல்லாமே."

"அந்த அரை மணி நேரந்தாம்மா மருந்து! அதைப் போய்ப் பிடுங்கிட்டீங்களே."

"அவளைத் திட்டாதீங்க" என்றார் டிரைவர், தரையைப் பார்த்தபடி. "எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு."

அந்தப் பெண் சோதனைத் தாளில் எழுதியிருந்த தேதியை அடித்தாள். "பதினஞ்சு நாள் தள்ளி வைக்கிறேன். ஒரு பட்டனாவது போட்டுக் காட்டணும். அதுக்கு மேல என் கையில இல்ல."

வீடு திரும்பியதும் தையல்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் பிளேடை எடுத்தாள். ஒட்டைப் பிரித்து, காஜாவைத் திறந்து, பட்டன்களை அதனதன் இடத்தில் தைத்து, சட்டையை அவருக்கு மாட்டிவிட்டாள். இடது கையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினாள்.

பட்டன் காஜாவின் வாய்வரை வந்தது. நழுவியது. மறுபடி வந்தது. நழுவியது. அவள் கைகள் தாமாக நீண்டன. சட்டென்று இரண்டையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின்மேலேயே உட்கார்ந்தாள்.

"முடியலடி. நீயே போட்டு விட்டுடேன்."

"மாட்டேங்க."

"கல்நெஞ்சக்காரி."

"ஆமா. இன்னொரு தடவை."

அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்க யாருமில்லை. கட்டைவிரல் மறுபடி பட்டனைத் தேடிப் போனது. அவளுடைய கைகள் மரத்துப்போயிருந்தன; அவள் எடுக்கவில்லை.